ஐந்தில் நான்கு மாதம் பலிக்கும் தாயத்து

பிள்ளை வேண்டாம் என்று நினைக்கும் பெண்ணுக்கு 12ஆம் நூற்றாண்டு இத்தாலியின் சலெர்னோ நகரத்து மருத்துவ நூலான ‘ட்ரொட்டுலா’ ஒரு வழி சொல்கிறது. வீசல் என்று ஒரு விலங்கு. நம் ஊர்க் கீரியைப் போலச் சின்னதாக, ஒல்லியாக இருக்கும். அதில் ஆணைப் பிடித்து, விரைகளை மட்டும் எடுத்துக்கொண்டு உயிரோடு விட்டுவிட வேண்டும். எடுத்த விரைகளை வாத்துத் தோலில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டால் கரு நிற்காதாம்.

சிரிப்பு வரும். ஆனால் அன்றைய ஐரோப்பாவில் சலெர்னோதான் பெரிய மருத்துவப் பள்ளி. அங்கே இருந்தவர்கள் எலும்பு முறிவைக் கட்டத் தெரிந்தவர்கள், காய்ச்சலின் போக்கை அறிந்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் மத்தியில் வீசல் விரை எப்படித் தாக்குப்பிடித்தது? முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது போதுமான பதிலாகத் தோன்றவில்லை. பதில் ஒரு எளிய கணக்கில் இருக்கிறது.

ஆரோக்கியமான இளம் தம்பதி எந்தத் தடையும் இல்லாமல் கூடி வாழ்ந்தாலும் ஒரு மாதத்தில் கரு தரிக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். அதாவது, கழுத்தில் எதைக் கட்டிக்கொண்டாலும் ஐந்தில் நான்கு மாதம் அது ‘பலித்துவிடும்’. கைக்குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தால், கணவன் வெளியூர் போயிருந்தால், பஞ்சத்தில் உடம்பு வற்றிப்போயிருந்தால் இன்னும் கூடுதலாகப் பலிக்கும். ஓராண்டு முழுக்கப் பார்த்தாலும், தடை எதுவும் இல்லாத நூறு பெண்களில் சுமார் 85 பேர் கருவுறுவார்கள். மீதி 15 பேர் இருக்கிறார்களே, அவர்கள்தான் தாயத்தின் சாட்சிகள். கருவுற்ற 85 பேருக்கும் காரணம் தயாராக இருக்கும்: தோல் கிழிந்திருக்கும், நாள் தப்பியிருக்கும், வீசல் செத்திருக்கும்.

பேதிக்குக் கொடுத்த கஷாயம் வேலை செய்ததா என்பது இரண்டு நாளில் தெரிந்துவிடும். கர்ப்பத்தடை மருந்து அப்படியல்ல. நடக்காமல் போன ஒன்றை வைத்து அதை எடை போட வேண்டும். மருந்து நல்லதா, போலியா என்று பிரித்துப் பார்க்க நூறு பேரை ஓராண்டு கவனித்து, மருந்து எடுக்காத இன்னொரு நூறு பேரோடு ஒப்பிட வேண்டும். அந்தக் காலத்தில் எந்த மருத்துவரும், மருத்துவச்சியும் அதைச் செய்ய முடியாது. போதாக்குறைக்கு, தடுக்க வேண்டிய பொருள் என்ன என்பதே யாருக்கும் தெரியாது. விந்தணுவை லேவன்ஹூக் நுண்ணோக்கியில் பார்த்தது 1677இல். பாலூட்டிகளின் கருமுட்டையை ஃபான் பேயர் கண்டுபிடித்தது 1827இல். இரண்டும் ஒன்றுசேர்வதை ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல் முள்ளெலியில் விளக்கியது 1876இல். அதற்கு முந்தைய மூவாயிரத்து எழுநூறு ஆண்டுக் கர்ப்பத்தடை வரலாறு முழுக்க, எதிராளி யாரென்றே தெரியாமல் நடந்த சண்டை.

மூவாயிரத்து எழுநூறு என்று சொல்லக் காரணம் ஒரு கிழிந்த பாப்பிரஸ். 1889இல் ஃப்ளிண்டர்ஸ் பெட்ரி எகிப்தின் லாகூனில் தோண்டி எடுத்தது; இப்போது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இருக்கிறது. கிமு 1800ஐ ஒட்டி எழுதப்பட்டது. பெண்களின் நோய்களுக்கென்றே எழுதப்பட்டு நம் கைக்கு வந்திருக்கும் மிகப் பழைய ஏடு அது. கரு தங்காமலிருக்க அது சொல்லும் வழிகளில் ஒன்று முதலைச் சாணம். அதைப் பிசைந்து உள்ளே வைக்க வேண்டும். தேனோடு நேட்ரான் என்ற உவர்க்காரத்தைக் கலந்து தெளிப்பது இன்னொன்று.

முதலைச் சாணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் “அது அமிலத்தன்மை கொண்டது, ஆகவே விந்தணுவைக் கொல்லும்” என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவார்கள். பழங்காலத்து மனிதனை எப்படியாவது விஞ்ஞானியாக்கிவிட வேண்டும் என்ற அவசரம் இது. முதலைச் சாணம் காரத்தன்மை கொண்டது என்றுதான் கருதப்படுகிறது. காரம் விந்தணுவுக்கு ஒத்துக்கொள்ளும். அந்தக் களிம்பு ஏதாவது பலன் தந்திருந்தால் அது கருப்பை வாயை அடைத்துக்கொண்டதால்தான் இருக்கும். களிமண்ணும் அதையே செய்திருக்கும்; நாற்றமாவது இருந்திருக்காது. நாற்றத்தாலேயே கணவன் கிட்டே வந்திருக்க மாட்டான் என்று சொல்பவர்களும் உண்டு.

அதே எகிப்தில் சுமார் 300 ஆண்டு கழித்து எழுதப்பட்ட ஏபர்ஸ் பாப்பிரஸின் கதை வேறு. இருபது மீட்டர் நீளச் சுருள். இன்று ஜெர்மனியின் லைப்ஸிக் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு கருவுறாமல் இருக்க அது சொல்லும் கலவையில் வேல மரத்தின் பாகமும் பேரீச்சையும் தேனும் சேருகின்றன. அரைத்து, பஞ்சில் தோய்த்து, உள்ளே வைக்க வேண்டும்.

நைல் கரையின் அந்த வேல மரத்தை நமக்கு நன்றாகவே தெரியும். ராமநாதபுரத்துக் கண்மாய்க் கரையில் நிற்கும் நாட்டுக் கருவேலத்தின் இனம்தான் அது. பின்னால் வந்து ஊரையே வளைத்துப்போட்ட சீமைக்கருவேலத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வேலம் பிசின் புளித்தால் லாக்டிக் அமிலம் உண்டாகும், தயிரைப் புளிக்க வைக்கிற அதே அமிலம். பெண்ணுறுப்பின் உட்புறம் இயல்பாகவே அமிலத்தன்மை கொண்டது. கிருமிகளுக்கு எதிராக உடம்பு வைத்திருக்கும் காவல் அது. விந்தணுவுக்கும் அந்த அமிலம் ஆகாது. வாலின் துடிப்பு அடங்கிவிடும். அதனால்தான் விந்து திரவம் காரத்தன்மையோடு வந்து, சில வினாடிகளில் அங்குள்ள அமிலத்தைத் தணித்து, விந்தணுக்களுக்கு வழி திறந்துவிடுகிறது. வெளியிலிருந்து இன்னும் கொஞ்சம் அமிலத்தைச் சேர்த்துவைத்தால் அந்த வழி திறக்காது.

இது சும்மா ஊகம் என்று தள்ள முடியாது. 2020இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ‘ஃபெக்ஸி’ என்ற கர்ப்பத்தடைக் களிம்புக்கு அனுமதி கொடுத்தது. அதில் வேலை செய்யும் பொருட்கள் மூன்று: லாக்டிக் அமிலம், எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம், திராட்சையிலிருந்து கிடைக்கும் ஓர் அமில உப்பு. ஏபர்ஸ் சுருளை எழுதிய கை அடையாளம் கண்டுகொள்ளும் தத்துவம்தான். ஆனால் பழம்பெருமை பேசுவதற்கு முன்னால் இன்னொரு எண்ணையும் பார்த்துவிட வேண்டும். ஆலையில் அளந்து செய்து, குழாயில் அடைத்து, விளக்கக் குறிப்போடு தந்த இந்தக் களிம்பைச் சோதனையில் பயன்படுத்தியவர்களில் ஏழு மாதவிலக்குச் சுற்றுகளுக்குள் நூற்றுக்குச் சுமார் 14 பேர் கருவுற்றார்கள். கையால் அரைத்த பிசினும் பேரீச்சையும் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

பண்டைய மருத்துவர்களில் இந்தக் கணக்கை ஓரளவு மோப்பம் பிடித்தவர் என்று நான் நினைப்பது சொரானஸை. எபேசஸ் நகரத்துக்காரர், 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் தொழில் செய்தவர். தாயத்து கட்டினால் கரு தங்காது என்பதை ஏற்காதவர். கருவுறாமல் தடுப்பது வேறு, தங்கிய கருவைக் கலைப்பது வேறு என்று தெளிவாகப் பிரித்து, முன்னதுதான் உடம்புக்குக் கேடில்லாதது என்று எழுதியவர். பழைய ஆலிவ் எண்ணெய், தேன், தேவதாரு வகைப் பிசின் ஆகியவற்றைக் கருப்பை வாயில் பூசச் சொல்கிறார். மென்மையான கம்பளிப் பஞ்சை அடைக்கச் சொல்கிறார். மாதுளைத் தோல், படிகாரம் போன்ற துவர்ப்பு மருந்துகளும் அவர் பட்டியலில் உண்டு. எண்ணெயும் பிசினும் விந்தணுவின் நீச்சலை மந்தமாக்கக்கூடியவைதான். லண்டனில் மேரி ஸ்டோப்ஸ் 20ஆம் நூற்றாண்டிலும் ஆலிவ் எண்ணெயைப் பரிந்துரைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அதே பட்டியலில் ஈய வெள்ளை என்று சொல்லப்படும் ஈயச் சுண்ணமும் இருக்கிறது. அது நஞ்சு. அதே பகுதியிலேயே, விந்து வெளிப்படும் நேரத்தில் பெண் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும், உடனே எழுந்து முழங்காலை மடக்கி உட்கார்ந்து தும்ம வேண்டும், குளிர்ந்த ஏதாவது குடிக்க வேண்டும் என்கிறார். தும்மலுக்கும் கருவுக்கும் சம்பந்தமில்லை. தாயத்தை மறுத்த மனிதரால் தும்மலை மறுக்க முடியவில்லை. இரண்டையும் சோதித்துப் பார்க்கும் வழி அவர் கையில் இல்லை. எது பொருத்தமாகப் பட்டதோ அதை வைத்துக்கொண்டார், எது பொருந்தவில்லையோ அதைத் தள்ளினார்.

நாள் விஷயத்தில் அவர் சறுக்கியதுதான் பெரிய சறுக்கல். மாதவிலக்கு முடியும் சமயத்தில்தான் கரு எளிதில் தங்கும், ஆகவே அந்நாட்களைத் தவிர்க்க வேண்டும் என்றார். இந்தக் கருத்து 1,800 ஆண்டுகள் அசையவில்லை. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர்கள் நாயின் உதிரப்போக்கைப் பார்த்து, பெண்ணுக்கும் உதிரப்போக்குதான் கருத்தரிக்கும் காலம் என்று முடிவு கட்டினார்கள். இரண்டு விலக்குக்கும் நடுப்பட்ட நாட்கள் பத்திரமானவை என்று தம்பதிகளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். நடுப்பட்ட நாட்களில்தான் முட்டை வெளியாகிறது! மருத்துவர் பேச்சைக் கேட்டவர்களுக்கே முதலில் கரு நின்றிருக்கும். அடுத்த விலக்குக்குச் சுமார் 14 நாட்கள் முன்னால் முட்டை வெளியாகிறது என்பதை ஜப்பானில் ஓகினோவும் ஆஸ்திரியாவில் க்னாவுஸும் தனித்தனியாக நிறுவியது 1920களில்தான். நம் தர்மசாஸ்திரங்கள் மகப்பேற்றுக்கு உரிய காலமாக விலக்கு தொடங்கிய நாளிலிருந்து 16 இரவுகளைச் சொல்கின்றன. அது ஆண்பிள்ளை வேண்டிப் போட்ட கணக்கு, கர்ப்பத்தடைக்காகப் போட்டதல்ல. ஆனாலும் சீரான சுற்று உள்ள பெண்ணுக்கு, பதினாறைத் தாண்டிய நாட்கள் விக்டோரியா காலத்து மருத்துவரின் ‘பத்திரமான’ நாட்களைவிடப் பத்திரமானவை.

அடுத்து சில்ஃபியம். இணையத்தில் பழங்காலக் கர்ப்பத்தடை என்று தேடினால் முதலில் வந்து நிற்பது இந்தச் செடிதான். இன்றைய லிபியாவில் சைரீன் என்ற கிரேக்கக் குடியேற்றம் இருந்தது. அதன் சுற்றுவட்டாரத்தில் மட்டும் காடாக வளர்ந்த செடி சில்ஃபியம். பயிரிட்டால் வராது என்று கிரேக்கத் தாவரவியலாளர் தியோஃப்ராஸ்டஸ் எழுதினார். அதன் பாலை விற்றே ஊர் செழித்தது. நாணயத்தில் அந்தச் செடியைப் பொறித்தார்கள். கிபி 77ஐ ஒட்டி எழுதிய பிளினி, தன் காலத்தில் ஒரே ஒரு தண்டுதான் கிடைத்தது, அதை நீரோ மன்னனுக்கு அனுப்பிவைத்தார்கள் என்கிறார். ரோமானியப் பெண்கள் கர்ப்பத்தடைக்காகத் தின்றே செடியை அழித்துவிட்டார்கள் என்பது இன்றைக்குப் பரவியிருக்கும் கதை. காதல் சின்னமான இதய வடிவமே அதன் விதையிலிருந்து வந்தது என்று இன்னொரு கதை.

கதை அழகாக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. சில்ஃபியம் முதலில் ஒரு சமையல் பொருள். பிறகு இருமலிலிருந்து நாய்க்கடி வரை எல்லாவற்றுக்கும் மருந்து. ஆடுகளுக்கு அது தீவனமாகவும் இருந்தது. மேய்ச்சலும் அளவுமீறிய அறுவடையும்தான் அதை முடித்திருக்க வேண்டும். சொரானஸ் அதைக் கர்ப்பத்தடைக்குச் சொல்வது உண்மை, ஆனால் பத்தோடு பதினொன்றாக. சில்ஃபியம் தீர்ந்த பிறகு ரோமானியர்கள் பாரசீகத்திலிருந்து வாங்கிய மாற்றுப் பொருள் அதன் நெருங்கிய உறவுக்காரப் பிசின். அதன் பெயர் பெருங்காயம். சாம்பாரிலும் ரசத்திலும் தினமும் பெருங்காயம் போட்டும் நம் குடும்பங்கள் சுருங்கியதாகத் தெரியவில்லை. அளவு வேறு, இனம் வேறு என்று சொல்லலாம், அது நியாயமே. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் 1980களில் பெருங்காயக் குடும்பத்தின் இன்னொரு செடியிலிருந்து பிரித்த பொருள் எலிகளில் கரு பதியாமல் தடுத்தது. எலியில் தடுத்த எத்தனையோ பொருட்கள் மனிதர்களிடம் வந்து தோற்றுப்போயிருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தாவரங்களின் சிக்கலே இதுதான். கருவைப் பாதிக்கும் அளவுக்குச் சக்தியுள்ள செடி பெரும்பாலும் தாயையும் பாதிக்கும். புதினா இனத்தைச் சேர்ந்த பென்னிராயல் என்ற மூலிகையை கிரேக்கர் காலத்திலிருந்து ஐரோப்பியப் பெண்கள் பயன்படுத்தி வந்தார்கள். அதில் உள்ள புலிகோன் என்ற எண்ணெய்ப் பொருள் கல்லீரலில் உடைந்து, கல்லீரலையே அழிக்கும். 1978இல்கூட அமெரிக்காவின் கொலராடோவில் அந்த எண்ணெயைக் குடித்து ஒரு பெண் இறந்தார். பாட்டி வைத்தியம் என்ற சொல்லில் உள்ள செல்லம் இந்த இடத்தில் ஆபத்தானது.

ஆபத்து தெரிந்தே தின்ற பெண்களும் இருந்தார்கள். 1699இல் மரியா சிபில்லா மெரியான் என்ற ஓவியர், வயது ஐம்பதைத் தாண்டியவர், மகளை அழைத்துக்கொண்டு ஆம்ஸ்டர்டாமிலிருந்து தென்னமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பல் ஏறினார். பூச்சிகளை வரைவதற்காக. 1705இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு செடியைப் பற்றிய குறிப்பு பூச்சிகளை விட்டு விலகிப் போகிறது. டச்சுக்காரர்களின் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த பெண்கள் இந்தச் செடியின் விதையைத் தின்று கருவைக் கலைக்கிறார்கள், தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகக் கூடாது என்பதற்காக. இதை அவர்களே என்னிடம் சொன்னார்கள் என்று எழுதினார். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட பெண்கள் தங்கள் நிலை தாங்காமல் சிலசமயம் உயிரையே விட்டுவிடுகிறார்கள் என்றும் அதே குறிப்பில் இருக்கிறது.

அந்தச் செடி மயில்கொன்றை. சிவப்பும் மஞ்சளுமாக இதழ் விளிம்பு சுருண்டு, மகரந்தத் தாள்கள் விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே, அதேதான். நம் ஊர் பள்ளிக்கூட வேலி ஓரத்தில், ரயில் நிலையத் தொட்டியில், அரசு அலுவலக வாசலில் நிற்கிறது. லோண்டா ஷீபிங்கர் என்ற அறிவியல் வரலாற்றாளர் இந்தச் செடியின் பயணத்தைத் தொடர்ந்து போய்ப் பார்த்தார். விதை ஐரோப்பியத் தாவரத் தோட்டங்களுக்குப் போனது. அழகுச் செடியாக உலகம் சுற்றியது. அதைப் பற்றிப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது மட்டும் கப்பலேறவில்லை. காய்ச்சல் மருந்தான சின்கோனா பட்டையைத் தேடித் தேடிப் பதிவு செய்த மருத்துவர்களுக்கு இதைப் பதிவு செய்ய ஆர்வமில்லை. முதலாளிக்கு அடிமைப் பெண்ணின் பிள்ளை என்பது சொத்து.

அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களிலும் இதே கதை, செடி மட்டும் வேறு. அடிமைப் பெண்கள் பருத்தி வேரின் பட்டையை மென்றார்கள். 1860இல் டென்னசி மாநிலத்து மருத்துவர் ஒருவர், அடிமைப் பெண்களிடையே கருக்கலைவு ஏன் அதிகம் என்று ஆராய்ந்து கட்டுரையே எழுதினார். பருத்திச் செடியில் உண்மையிலேயே சரக்கு இருக்கிறது என்பது நூறாண்டு கழித்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் தெரியவந்தது. சீனக் கிராமங்களில் சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெயில் சமைத்தவர்களுக்குப் பிள்ளை பிறப்பது நின்றுபோனது. காசிப்போல் என்ற பொருள் விந்தணு உற்பத்தியை முடக்கியிருந்தது. 1970களில் சீன அரசு எட்டாயிரத்துக்கும் அதிகமான ஆண்களிடம் அதை மாத்திரையாகக் கொடுத்துச் சோதித்தது. நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் சரிந்தது; சிலருக்கு மாத்திரையை நிறுத்திய பிறகும் விந்தணு திரும்ப வரவில்லை. 1998க்குள் கைவிட்டுவிட்டார்கள்.

நம் வீடுகளின் பப்பாளி பயத்தையும் இந்த இடத்தில் சொல்லிவிடலாம். மாசமாக இருக்கும் பெண்ணின் கண்ணில் பப்பாளியைக் காட்டக் கூடாது என்பார்கள். பப்பாளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் காலத்தில் வந்த மரம், ஆகவே இது அப்படியொன்றும் ஆதிகாலத்து அறிவு இல்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தினர் 2002இல் வெளியிட்ட எலி ஆய்வில், பழுத்த பப்பாளி கருப்பைத் தசையை ஒன்றும் செய்யவில்லை. காயில் உள்ள பால்தான் தசையைச் சுருங்கவைத்தது. காய்க்கும் பழத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நம் பயம் கணக்கில் எடுக்கவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஏட்டில் இருப்பவை, அல்லது யாரோ எழுதிவைத்தவை. இவற்றை எல்லாம் படித்து முடித்தபோது எனக்குத் தோன்றிய விஷயம் ஒன்று உண்டு. ஏட்டில் ஏறியவற்றில் பெரும்பாலானவை சரியாக வேலை செய்யவில்லை. உண்மையில் வேலை செய்தவற்றை மருத்துவர்கள் மருந்து என்றே நினைக்காததால் ஏட்டில் ஏற்றவில்லை.

முதலாவது தாய்ப்பால். கலஹாரி பாலைவனத்துக் குங் இனப் பெண்களிடம் கானர், வொர்த்மன் என்ற இரு ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 1980இல் வெளியானது. அந்தத் தாய்மார்கள் குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பல முறை, ஒவ்வொரு முறையும் ஓரிரு நிமிடம் பால் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். குழந்தை இடுப்பிலேயே இருக்கும், இரவில் பக்கத்தில் படுத்திருக்கும். எந்த மருந்தும் இல்லாமல் இரண்டு பிரசவங்களுக்கு நடுவே சுமார் 44 மாதம் இடைவெளி. குழந்தை காம்பைச் சப்பும் தூண்டல் நரம்பு வழியாக மூளைக்குப் போய், சூலகத்தை எழுப்பும் ஹார்மோன் துடிப்புகளை அடக்கிவிடுகிறது. எவ்வளவு பால் என்பதைவிட எத்தனை முறை என்பதுதான் முக்கியம். ராத்திரிப் பால் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய நிபுணர்கள் இதற்கு வரம்பு கட்டினார்கள்: குழந்தைக்கு ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும், தாய்ப்பாலே முழு உணவாக இருக்க வேண்டும், விலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் பொருந்தினால் 98 சதவீதம் காவல். முதலைச் சாணம் முதல் ஃபெக்ஸி வரை எதுவும் கிட்டே வராது. ஐரோப்பியப் பிரபுக்கள் வீட்டில் குழந்தையைச் செவிலித்தாயிடம் கொடுத்துவிட்ட சீமாட்டி வருஷத்துக்கு ஒன்று பெற்றாள்; பால் கொடுத்த செவிலி பெறவில்லை. நம்மூரிலும் அடுத்த கரு சீக்கிரம் நின்றுவிட்டால் கைக்குழந்தை சவலையாகிவிடும் என்ற கவலை பாட்டிகளுக்கு இருந்தது. பாலை மறக்கடிக்க அவசரப்படாதே என்று சொன்னதில் இரண்டு கணக்கும் சேர்ந்திருந்தன.

பழக்கவழக்கமாக வந்த தடைகளும் உண்டு. ஆடி மாதம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறோம். ஆடியில் கரு தரித்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்பது சொல்லப்படும் காரணம். தலைப்பிரசவத்துக்குப் போன பெண் மாதக்கணக்கில் அம்மா வீட்டில் தங்குவதும் இப்படித்தான். மகளுக்குக் கல்யாணமாகி, பேரன் பேத்தி வரும் காலத்தில் தாய் கர்ப்பமாவதைவிட வெட்கக்கேடு வேறில்லை என்று நினைத்த சமூகம் நம்முடையது. ஆஸ்திரேலிய மக்கள்தொகை ஆய்வாளர் கால்டுவெல்லும் அவரோடு பணியாற்றியவர்களும் தென்னிந்தியக் கிராமங்களில் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். நாற்பதுகூட ஆகாத தம்பதி தனித்தனித் திண்ணையில் படுத்தார்கள்.

இன்னொன்று, ஆண் கடைசி நேரத்தில் விலகிக்கொள்வது. பைபிளின் ஆதியாகமத்தில் ஓனான் செய்தது அதுதான். அரபு மொழியில் ‘அஸ்ல்’. இஸ்லாமிய அறிஞர் அல் கஸ்ஸாலி, குடும்பச் செலவுக்குப் பயந்தும் மனைவியின் அழகு கெடக் கூடாது என்பதற்காகவும்கூட அதைச் செய்யலாம் என்று அனுமதித்தார். இன்றைய கணக்கில் இந்த முறையை நம்பும் நூறு பெண்களில் ஓராண்டுக்குள் ஏறக்குறைய 20 பேர் கருவுறுகிறார்கள். தனி ஒருத்திக்கு இது சூதாட்டம். ஒரு நாட்டுக்கோ, 85 இருபதாகக் குறைந்தால் தலைமுறையே மாறிவிடும். பிரான்ஸில் அதுதான் நடந்தது. 1778இல் மொஹோ என்ற ஆசிரியர், இந்த ரகசியம் பட்டணத்தை விட்டு நாட்டுப்புறத்துக்கும் பரவிவிட்டது என்று கவலைப்பட்டு எழுதினார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே பிறப்பு சரியத் தொடங்கியது, ஐரோப்பாவின் மற்ற நாடுகளுக்குச் சுமார் நூறாண்டு முன்னால். மாத்திரையோ ரப்பரோ மருத்துவரோ இல்லை. விலகலும் விரதமும்தான் முக்கியக் கருவிகள். எண்ணிக்கையில் பார்த்தால் மனித வரலாற்றின் பெரிய கர்ப்பத்தடை வெற்றிகளில் ஒன்று இது. என் குறை ஒன்றுதான். இதன் சாவி முழுக்கக் கணவன் கையில் இருந்தது.

ஆணுறையின் கதை சுருக்கமானது, ஏனென்றால் அது வெகுகாலம் மேகநோய்க்கு எதிரான கவசமாகத்தான் இருந்தது. இத்தாலிய உடற்கூறு அறிஞர் ஃபலோப்பியோ, மருந்தில் ஊறிய துணி உறையை 1,100 ஆண்களிடம் சோதித்ததாகச் சொல்லும் நூல் அவர் இறந்த பிறகு 1564இல் வந்தது. கருக்குழாய்க்குத் தன் பெயரைக் கொடுத்தவரும் அவர்தான். இங்கிலாந்தின் டட்லி கோட்டைக் கழிவறைக் குழியில் 1640களைச் சேர்ந்த விலங்குக் குடல் உறைகள் கிடைத்திருக்கின்றன. விலை அதிகம், கழுவிக் கழுவிப் பயன்படுத்தினார்கள். 1839இல் குட்இயர் ரப்பரைப் பதப்படுத்தக் கற்ற பிறகு, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ரப்பர் உறை வந்தது. அதன்பின்தான் சாமானியன் கைக்கு எட்டியது.

அச்சு இயந்திரம் வந்து வெகுகாலம் ஆகியும் இந்த விஷயம் அச்சேறப் பயந்தது. 1823இல் லண்டனில் ஃபிரான்சிஸ் பிளேஸ் என்ற தையல்காரர் உழைக்கும் மக்களுக்குத் துண்டுப் பிரசுரம் விநியோகித்தார். கடற்பஞ்சை நாடாவில் கட்டி உள்ளே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் சாரம். 1832இல் அமெரிக்க மருத்துவர் சார்ல்ஸ் நோல்டன் ஒரு சிறு நூல் எழுதிச் சிறைக்குப் போனார். அந்த நூலை 1877இல் லண்டனில் மறுபதிப்பு செய்ததற்காக இரண்டு பேர் கூண்டில் ஏறினார்கள். ஒருவர் சார்ல்ஸ் பிராட்லா. இன்னொருவர் அன்னி பெசன்ட். ஆண்டுக்குச் சில நூறு விற்றுக்கொண்டிருந்த நூல் வழக்கின் புண்ணியத்தில் லட்சத்தைத் தாண்டி விற்றது. பெசன்ட் தானும் ஒரு நூல் எழுதினார். அவருக்குப் பிடித்த முறை கடற்பஞ்சு. இந்த வழக்கைக் காரணம் காட்டியும் நாத்திகத்தைக் காரணம் காட்டியும் மகளை வளர்க்கும் உரிமையை நீதிமன்றம் அவரிடமிருந்து பறித்தது. பிறகு பிரம்மஞான சபையில் சேர்ந்தார், 1891இல் தன் கர்ப்பத்தடை நூலைத் தானே நிறுத்திக்கொண்டார், சென்னை அடையாறுக்கு வந்து 1933இல் அங்கேயே காலமானார்.

அவர் அடையாறில் முதுமையைக் கழித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அவர் கைவிட்ட விஷயம் சென்னையில் சூடு பிடித்தது. 1920களின் இறுதியில் நியோ மால்தூசியன் லீக் என்ற கர்ப்பத்தடை ஆதரவு அமைப்பு தொடங்கியது. அதில் நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் இருந்தார்கள். நாட்டின் ஜனத்தொகை, வறுமை என்று பேசினார்கள். ‘குடிஅரசு’ பத்திரிகையில் பெரியார் அந்த வாதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, பெண்ணின் விடுதலைக்காக, அவள் சுயேச்சையாக வாழ்வதற்காகக் கர்ப்பத்தடை வேண்டும் என்று எழுதினார். 1930இல் மைசூர் சமஸ்தானம் அரசு மருத்துவமனையிலேயே கர்ப்பத்தடை நிலையம் திறந்தது. வாதம் புதிது, இடம் புதிது. அங்கே வந்த பெண்ணுக்குக் கொடுக்கக் கையில் இருந்தவை ரப்பர், பஞ்சு, எண்ணெய், அமிலக் களிம்பு. மாத்திரை வர இன்னும் 30 ஆண்டுகள் இருந்தன.